பறவைகளுக்காகக் காத்திருந்த செல்வந்தர் – லோக் வான் தோ

கழகத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுத வேண்டும் என்று இதழாசிரியர் குழுவிலிருந்து அக்கா ஒருவர் என்னைக் கேட்டுக்கொண்டார். அவர் தந்த தலைப்பு, காட்டுப் பறவைகளை இன்னும் சிறப்பாகப் படமெடுப்பது எப்படி என்பது. கழகத்தின் புகைப்படப் போட்டியில் இவ்வாண்டு முதல் பரிசு என் படத்திற்குக் கிடைத்ததால் அந்த வேலை என்னிடம் வந்தது. தேன்சிட்டு ஒன்று கூட்டின் வாசலில் தொங்கியபடி குஞ்சுகளுக்கு உணவூட்டும் படம் அது. கழக அறையின் பலகையில் பலரும் அதைப் பார்த்திருப்பீர்கள்.

நான் ஒப்புக்கொண்டேன். ஆனால் எழுத உட்கார்ந்தபோது பேனா நகரவில்லை. அதற்கான காரணத்தைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன். அதற்கு முன், நம் மண்ணில் பிறந்து, பறவைகளைப் படமெடுப்பதை ஒரு தவமாகவே செய்து, அறுபது ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்ட ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்ல விரும்புகிறேன். சிறப்பாகப் படமெடுப்பது எப்படி என்ற கேள்விக்கு அவருடைய வாழ்க்கையே நல்ல விடையாக எனக்குத் தோன்றியது.

அவர் பெயர் லோக் வான் தோ. பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால் கோலாலம்பூரில் படிக்கும் நம்மில் பலர் லோக் இயூ சாலையில் பேருந்தில் போயிருப்போம். அந்தச் சாலை தாங்கி நிற்பது அவருடைய தந்தையின் பெயரை. முதலாம் ஆண்டு முழுவதும் நானும் அந்தப் பெயர்ப்பலகையைக் கடந்து சென்றேன். அவர் யார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

தந்தையின் நிழல்

லோக் இயூ சீனாவின் குவாங்டோங் மாநிலத்திலிருந்து சிறுவனாக இங்கு வந்தவர். கடையில் வேலை பார்த்து, காசு சேர்த்து, ஈயச் சுரங்கத் தொழிலில் இறங்கினார். விழுந்தார், எழுந்தார். ஈயம், ரப்பர், நிலம் என்று விரிந்த அவருடைய தொழில்கள் அவரை மலாயாவின் மிகப் பெரிய செல்வந்தர்களுள் ஒருவராக்கின. கோலாலம்பூரின் விக்டோரியா கல்விக்கூடம் 1893இல் தோன்றுவதற்குத் துணை நின்றவர்களுள் அவரும் ஒருவர். ஹாங்காங் பல்கலைக்கழகத்திற்கும் அவர் உதவினார். அங்குள்ள மண்டபம் ஒன்று இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

அவருடைய நான்காவது மனைவி லிம் செங் கிம். இவர்களின் மகனாக 14.6.1915இல் கோலாலம்பூரில் பிறந்தார் வான் தோ. குழந்தைக்கு இரண்டு வயது நிறையும் முன்பே, 1917 பிப்ரவரியில், தந்தை காலமானார். ஆகவே வான் தோவிற்குத் தந்தையின் முகம் நினைவிலிருந்திருக்க வழியில்லை. பெரும் செல்வமும் பெரும் பெயரும் மட்டும் வந்து சேர்ந்தன. அவரை வளர்த்து ஆளாக்கியவர் தாயார்தான்.

சிறு வயதில் வான் தோ அடிக்கடி நோய்வாய்ப்பட்டார். விக்டோரியா கல்விக்கூடத்தில் சில காலம் படித்த அவரைத் தாயார் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துச் சென்றார். மலைக்காற்றும் ஏரிக்கரையும் அவரைத் தேற்றின. மெலிந்த பையன் அங்கே நீளம் தாண்டுதலில் பரிசு பெறும் விளையாட்டு வீரனாக மாறினார். பின்னர் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கல்லூரியில் ஆங்கில இலக்கியமும் வரலாறும் பயின்று 1936இல் பட்டம் பெற்றார். அதன்பின் லண்டன் பொருளியல் பள்ளியிலும் சிறிது காலம் படித்தார்.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சற்றுப் பொறாமையாகத்தான் இருந்தது. நான் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளை. எண்பது மாணவர்கள் படித்த தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, பிறகு பட்டணத்து தேசிய இடைநிலைப்பள்ளி. என் முதல் கேமரா, அப்பா தவணைமுறையில் வாங்கித் தந்த பழைய கேமரா. இவ்வளவு வசதியோடு பிறந்தவரிடம் எனக்குக் கற்றுக்கொள்ள என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தேன்.

கேத்தே கட்டடம்

படிப்பை முடித்துத் திரும்பிய வான் தோ தாயாரோடு சேர்ந்து திரையரங்குத் தொழிலில் இறங்கினார். சிங்கப்பூரின் டோபி காட் பகுதியில் எழுந்த கேத்தே திரையரங்கு 1939 அக்டோபர் மாதம் திறக்கப்பட்டது. சிங்கப்பூரின் முதல் குளிர்சாதனத் திரையரங்கு அதுதான். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே குளிரில் அமர்ந்து படம் பார்ப்பது அன்றைய மக்களுக்குப் புதுமை. அரங்கோடு சேர்ந்து எழுந்த பல மாடிக் கட்டடம் அந்நாளில் சிங்கப்பூரிலேயே உயரமானது.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் கால் வைத்தது. இரண்டே மாதங்களில் சிங்கப்பூரின் வாசலுக்கு வந்துவிட்டது. 1942 பிப்ரவரித் தொடக்கத்தில், சிங்கப்பூர் விழுவதற்குச் சில நாள்கள் முன்பு, வான் தோ நோரா மோலர் என்ற கப்பலில் ஏறித் தப்பினார். சுமாத்ராவுக்கு அருகில் பாங்கா நீரிணையில் அக்கப்பல் குண்டுவீச்சுக்கு உள்ளானது. கப்பல் எரிந்தது. பலர் மாண்டனர். வான் தோவின் உடலில் கடுமையான தீக்காயங்கள். கண்களும் பாதிக்கப்பட்டுச் சில காலம் பார்வையற்றிருந்தார். ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் ஒன்று மீட்டவர்களோடு அவரும் படேவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா, சென்று சேர்ந்தார். அங்கிருந்து இந்தியாவுக்குப் போனார்.

அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. என்னைவிட நான்கே வயது மூத்தவர். நாடு போயிற்று. கட்டடம் எதிரியின் கையில். கண் திரும்புமா என்றுகூடத் தெரியாத நாள்கள். அந்த நிலையில் அவருடைய செல்வம் அவருக்கு என்ன செய்திருக்க முடியும்? என் பொறாமை இந்தப் பக்கத்தில் நின்றுவிட்டது. பார்வையை இழந்து மீண்டும் பெற்ற ஒருவர், தம் வாழ்நாளின் மீதியை உற்றுப் பார்ப்பதிலேயே செலவிட்டார் என்பதை நினைத்தபோது, அவரைப் பற்றி மேலும் அறிய வேண்டும் என்ற ஆவல் பிறந்தது.

பம்பாயில் கிடைத்த நட்பு

இந்தியாவில்தான் அவருக்கு சாலிம் அலியின் நட்பு கிடைத்தது. சாலிம் அலி (1896 – 1987) இந்தியப் பறவையியலின் தந்தை போன்றவர். இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கையேடு 1941இல் வெளிவந்திருந்தது. 1883இல் தொடங்கப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தோடு வாழ்நாள் முழுதும் இணைந்திருந்தவர்.

சாலிம் அலி பறவைகளிடம் வந்த கதை பலரும் அறிந்தது. சிறுவனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் இருந்தது. அது என்ன குருவி என்று கேட்கப் பம்பாய் கழகத்தின் படியேறினார். அந்தப் படிகளிலிருந்து அவர் பிறகு இறங்கவே இல்லை எனலாம். பறவையைக் கொன்ற கை, பின்னாளில் பறவைகளுக்காகவே எழுதியது. தம் தன்வரலாற்றுக்கு, விழுந்த அந்தக் குருவியை நினைவூட்டும் தலைப்பையே அவர் வைத்தார். அந்நூல் 1985இல் வந்தது. அதில் லோக் வான் தோவின் நட்பையும் நினைவுகூர்ந்திருக்கிறார்.

சாலிம் அலியோடு பழகப் பழக வான் தோவுக்குப் பறவைகளின் மீதிருந்த ஈடுபாடு ஆழமானது. ஒருவர் ஆய்வாளர், மற்றவர் படமெடுப்பவர். ஒருவர் குறிப்பெடுக்க, மற்றவர் மறைவிடத்தில் அமர்ந்திருப்பார். போர் முடிந்து வான் தோ சிங்கப்பூர் திரும்பிய பின்னும் இருவரும் சேர்ந்து பறவைப் பயணங்கள் மேற்கொண்டனர். சாலிம் அலியின் ஆய்வுகளுக்கு வான் தோ தாராளமாகப் பொருளுதவியும் செய்தார். தந்தை பள்ளிக்கும் பல்கலைக்கழகத்திற்கும் கொடுத்தார் என்றால், மகன் பறவைகளுக்கும் சேர்த்துக் கொடுத்தார்.

மறைவிடத்தில் ஒரு முதலாளி

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் வான் தோவின் தொழில் பன்மடங்கு வளர்ந்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் திரையரங்குகள் பெருகின. கேத்தே கெரிஸ் நிறுவனம் மலாய்ப் படங்களைத் தயாரித்தது. 1957இல் வெளிவந்து பெரும் வெற்றி பெற்ற பொந்தியானாக் என்ற பேய்ப் படம் அந்நிறுவனத்துடையது. அதை இயக்கிய பி.என்.ராவ் இந்தியாவிலிருந்து வந்தவர். ஹாங்காங்கில் சீனப் படங்களையும் வான் தோவின் நிறுவனம் தயாரித்தது. மலாயன் ஏர்வேஸ் விமான நிறுவனத்தின் தலைவராகவும் அவர் இருந்தார்.

இத்தனை பொறுப்புகள் உள்ள ஒருவர், வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் துணியால் மூடிய சிறு மறைவிடத்துக்குள் மணிக்கணக்கில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தார் என்பதுதான் வியப்பு.

இன்றைய நம் நிலையோடு ஒப்பிட்டால்தான் அந்த உழைப்பு விளங்கும். இன்று கேமராவின் ஒளியுணர்திறனை 3200 என்று வைத்தால் காட்டின் இருட்டிலும் படம் விழுகிறது. ஒரு நொடியில் இருபது படம் எடுக்கும் கேமராக்கள் வந்துவிட்டன. பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்துக் குவியும் வசதியும் உண்டு. அன்றைய கோடாக்குரோம் வண்ணச் சுருளின் வேகமோ வெறும் 10. நம் மழைக்காட்டின் நிழலில் அந்த வேகத்தில் அசையும் பறவையைப் பிடிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். எடுத்த படம் எப்படி வந்தது என்று உடனே பார்க்கவும் முடியாது. சுருளைக் கழுவிய பிறகுதான் தெரியும். அதற்குள் பறவை குஞ்சுகளோடு பறந்து போயிருக்கும்.

லென்ஸ்களும் இன்றுபோல் தூரத்தை எட்டிப் பிடிப்பவை அல்ல. ஆகவே படமெடுப்பவர்தான் பறவைக்கு அருகில் போக வேண்டும். போனால் பறவை பறந்துவிடும். இந்தச் சிக்கலுக்கு அக்காலப் படக்கலைஞர்கள் கண்ட வழிதான் மறைவிடம். அதை முதல் நாளே பறவையின் அருகில் நிறுத்தமாட்டார்கள். தொலைவில் நிறுத்தி, பறவை அதற்குப் பழகிய பின், நாளுக்குச் சிறிதாக நகர்த்துவார்கள். பறவை அஞ்சினால் பின்னுக்கு இழுப்பார்கள். மறைவிடத்துக்குள் இருவர் சேர்ந்து போவதும் உண்டு. பிறகு ஒருவர் மட்டும் வெளியேறி நடந்து போவார். எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்பதைப் பறவை பெரும்பாலும் கணக்கில் கொள்ளாது. ஆள் போய்விட்டது என்று நம்பித் திரும்பிவரும். மின்னணு ஃபிளாஷ் விளக்கு 1940களின் பிற்பகுதியில்தான் பறவைப் படக்கலைஞர்கள் கைக்கு வந்தது. பிரிட்டனின் எரிக் ஹோஸ்கிங் 1946இல் அதைப் பறவைகளுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார். பறக்கும் சிறகை உறையவைத்துக் காட்ட அதன்பிறகே முடிந்தது.

வான் தோவும் இந்த மறைவிட மரபில் வந்தவர்தான். உயர்ந்த மரத்தின் உச்சியில் கூடு கட்டும் வெண்வயிற்றுக் கடற்கழுகைப் படமெடுக்க, கூட்டின் உயரத்திற்குச் சாரம் எழுப்பி, அதன் உச்சியில் மறைவிடம் அமைத்தார். ஏன் இவ்வளவு பாடு? கீழிருந்து எடுத்தால் கழுகின் வயிறும் வெறும் வானமும்தான் தெரியும். அதன் கண்ணுக்கு நேராக நாம் இருந்தால்தான் அது எப்படி வாழ்கிறது என்பது தெரியும். படத்தைச் சிறப்பாக்கும் முதல் பாடம் இதுவே. தரையில் மேயும் உள்ளானைப் படமெடுக்க நாம் சேற்றில் படுக்க வேண்டும். கழுகைப் படமெடுக்க அதன் உயரத்துக்கு ஏற வேண்டும்.

அவர் எடுத்த பறவைப் படங்கள் 1957இல் லண்டனில் ‘எ கம்பெனி ஆஃப் பேர்ட்ஸ்’ என்ற நூலாக வெளிவந்தன. மறு ஆண்டு, பிரிட்டிஷ் அரசதந்திரி மால்கம் மெக்டொனால்டு அங்கோர் கோயில்களைப் பற்றி எழுதிய நூலிலும் வான் தோவின் படங்கள் இடம்பெற்றன. கல்லில் விழும் ஒளியையும் இறகில் விழும் ஒளியையும் ஒரே பொறுமையோடு பார்க்கத் தெரிந்தவர் அவர்.

பறவை நூலின் பழைய பிரதி ஒன்றைச் சென்ற பருவ விடுமுறைக்கு முன் நூலகத்தில் கண்டேன். பக்கங்கள் பழுத்திருந்தன. தொழில்நுட்பக் குறிப்புகள் கிடைக்கும் என்று புரட்டினேன். கிடைத்தது வேறு. அந்தப் படங்களில் பறவைகள் பதறவில்லை. தம் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. படமெடுப்பவர் அங்கு இருப்பதே அவற்றிற்குத் தெரியவில்லை. நூலை மூடிவிட்டு என் பரிசுப் படத்தைக் கைப்பேசியில் திறந்து பார்த்தேன்.

என் தேன்சிட்டு

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்து வீட்டின் பின்புறம் பாட்டி வளர்க்கும் காகிதப்பூச் செடி இருக்கிறது. அதன் தொங்கும் கிளை ஒன்றில் தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. நாரும் சருகும் சிலந்தி நூலும் சேர்த்துப் பின்னிய சிறு பை. பத்து கிராம் எடைகூட இல்லாத பறவை அதைக் கட்டியது. உள்ளே இரண்டு குஞ்சுகள். பாட்டி அந்தப் பக்கம் துணி காயப்போடுவதையே நிறுத்தியிருந்தார்.

கூட்டின் முன்னால் இலைகள் அடர்ந்திருந்தன. படத்தில் நிழல் விழுந்தது. மூன்று நாள் முயன்றும் படம் தெளிவாக வரவில்லை. போட்டிக்கு இறுதி நாள் நெருங்கிவிட்டது. நான்காம் நாள் காலையில் பாட்டியின் கத்தரிக்கோலை எடுத்து, கூட்டை மறைத்திருந்த நான்கு கிளைகளை வெட்டினேன். ஒளி நேராக விழுந்தது. பின்னணி சுத்தமாக இருந்தது. தாய்ப்பறவை சற்றுத் தயங்கிச் சுற்றிவிட்டு, குஞ்சுகளின் பசி பொறுக்காமல் வந்தது. அந்த நொடியில் எடுத்த படத்திற்குத்தான் நீங்கள் பரிசு தந்தீர்கள்.

அன்று நண்பகலில் வெயில் கூட்டின் மீது நேரே இறங்கியது. இலைகள் அங்கு இருந்தது என் படத்தைக் கெடுப்பதற்கு அல்ல என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மறுநாள் காலையில் கூடு கிழிந்து தொங்கியது. குஞ்சுகள் இல்லை. காகமா, வேறு எதுவுமா, யாரும் பார்க்கவில்லை. ஆனால் அதுவரை யார் கண்ணிலும் படாமல் இருந்த கூட்டை எல்லார் கண்ணிலும் படவைத்தவன் நான். தாய்ப்பறவை இரண்டு நாள் அந்தக் கிளைக்கு வந்து வந்து போனது. பாட்டி என்னைத் திட்டவில்லை. வெட்டிய கிளைகளைப் பொறுக்கி ஓரமாகப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதை யாரிடமும் சொல்லாமல் மேடையேறிப் பரிசை வாங்கினேன். கைத்தட்டலும் வாங்கினேன்.

நேர்மையாக ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வான் தோவின் காலத்தில் கூட்டருகே படமெடுப்பது வழக்கமான செயல். பறவை தவறாமல் திரும்பிவரும் இடம் கூடுதான் என்பதால் அன்றைய கருவிகளுக்கு வேறு வழி அதிகம் இல்லை. கூட்டை மறைக்கும் கிளைகளை வெட்டாமல் கயிற்றால் சற்று விலக்கிக் கட்டி, படம் எடுத்து முடிந்ததும் பழையபடி விடுவதே கவனமுள்ளவர்களின் முறையாக இருந்தது. இன்று இயற்கை ஆர்வலர்கள் அதையும் ஏற்பதில்லை. குஞ்சுள்ள கூட்டை நெருங்கவே வேண்டாம் என்கிறார்கள். நீண்ட தூர லென்ஸ் உள்ள இக்காலத்தில் நெருங்க வேண்டிய தேவையும் இல்லை. ஆகவே அவருடைய முறைகளை அப்படியே பின்பற்றச் சொல்லவில்லை. அவருடைய காத்திருத்தலைத்தான் சொல்கிறேன். வேகம் 10 உள்ள சுருளோடு அவர் நாள்கணக்கில் காத்திருந்தார். எல்லா வசதியும் உள்ள நான் மூன்று நாளில் கத்தரிக்கோலை எடுத்தேன்.

முடிவுற்ற பயணம்

1964 ஜூன் மாதம் தைவானின் தைப்பேயில் ஆசியத் திரைப்பட விழா நடந்தது. வான் தோ தம் மனைவியோடும் நிறுவனத்தின் அலுவலர்கள் சிலரோடும் சென்றிருந்தார். அவருக்கு அப்போதுதான் 49 வயது நிறைந்திருந்தது. கலைப்பொருள்களில் ஆர்வம் மிகுந்த அவர், தைச்சுங் நகருக்கு அருகில் வைக்கப்பட்டிருந்த அரண்மனை அருங்காட்சியகச் செல்வங்களைக் காணச் சென்றார். 20.6.1964 அன்று மாலை தைச்சுங்கிலிருந்து தைப்பே திரும்பப் புறப்பட்ட விமானம், மேலெழுந்த சில நிமிடங்களில் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 57 பேரும் மாண்டனர். வான் தோவும் அவர் மனைவியும் அவர்களுள் அடங்குவர். எரியும் கப்பலிலிருந்து தப்பியவர், விமான நிறுவனம் ஒன்றின் தலைவராக இருந்தவர், ஒரு விமானத்திலேயே உயிர் நீத்தார்.

அவருடைய மறைவு கேத்தே நிறுவனத்திற்குப் பேரிடி. பறவை உலகிற்கும் அப்படியே. சிங்கப்பூர் ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பறவை அறிஞர் கிப்சன்-ஹில் 1963இல் மறைந்தபோது, அவருடைய அரிய நூல் தொகுப்பை வான் தோ வாங்கிவைத்திருந்தார். மகனின் மறைவுக்குப் பின், 1965இல், தாயார் அத்தொகுப்பைச் சிங்கப்பூர் தேசிய நூலகத்திற்கு அன்பளிப்பாகத் தந்தார். கணவனை இழந்து தனியே வளர்த்த மகனையும் இழந்த அந்தத் தாயின் கையிலிருந்து நூல்கள் நம் வட்டாரத்தின் மாணவர்களுக்கு வந்து சேர்ந்தன.

நாம் செய்யக்கூடியவை

இதழாசிரியர் கேட்ட தலைப்பை நான் முழுவதும் மறந்துவிடவில்லை. வான் தோவின் வாழ்விலிருந்தும் என் தவற்றிலிருந்தும் நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேமராவை எடுக்கும் முன் பறவையைப் படியுங்கள். அது எப்போது உண்ணும், எங்கே அமரும், எதற்கு அஞ்சும் என்று தெரிந்தால் பாதிப் படம் எடுத்தாகிவிட்டது. காலை ஏழு முதல் ஒன்பது மணி வரை உள்ள மெல்லிய ஒளி, நண்பகல் ஒளியைவிடப் பன்மடங்கு நல்லது. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். பறவையின் கண் மட்டத்துக்கு இறங்குங்கள் அல்லது ஏறுங்கள். பின்னணி இரைச்சலாக இருந்தால் பறவையை நகர்த்தாதீர்கள். நீங்கள் இரண்டடி நகருங்கள். கண் தெளிவாக இருக்கும்படி குவியுங்கள். கூட்டை விடுங்கள், பூவுக்கும் பழத்துக்கும் நீருக்கும் பறவை எப்படியும் வரும், அங்கே காத்திருங்கள். பறவை உங்களையே பார்த்துக் கத்தினால், கூட்டுக்குப் போகாமல் சுற்றிச் சுற்றி வந்தால், அது உங்களைப் போகச் சொல்கிறது என்று பொருள். உடனே போய்விடுங்கள். படம் வராவிட்டாலும் பரவாயில்லை.

கடைசிக் குறிப்பை எனக்கு யாரும் சொல்லவில்லை என்று நான் சாக்குச் சொல்ல முடியாது. பாட்டி துணி காயப்போடுவதை நிறுத்தியபோதே அதைச் சொல்லிவிட்டார்.

பரிசுப் பணத்தைக் கழகப் பொருளாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தப் படத்தை இம்மலரில் வெளியிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டுள்ளேன். இரண்டாம் இடம் பெற்ற தம்பியின் படம் அந்த இடத்திற்குத் தகுதியானது. அந்தப் படத்தில் ஒரு மைனா மழையில் நனைந்தபடி மின்கம்பியில் உட்கார்ந்திருக்கிறது. கொஞ்சம் மங்கலான படம்தான். ஆனால் அதற்காக எதுவும் வெட்டப்படவில்லை.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தேன். காகிதப்பூச் செடி மீண்டும் துளிர்த்து அடர்ந்துவிட்டது. தேன்சிட்டு இன்னும் அந்தக் கிளைக்கு வரவில்லை. பக்கத்தில் உள்ள செம்பருத்திக்கு மட்டும் தேன் குடிக்க வருகிறது. சமையலறைச் சன்னலை ஒரு சாண் திறந்துவைத்து, பாட்டியின் நாற்காலியில் இரண்டு காலைகள் உட்கார்ந்திருந்தேன். எடுத்த படங்களில் ஒன்றுகூட போட்டிக்கு அனுப்பும் தரத்தில் இல்லை. அடுத்த விடுமுறையிலும் அங்கேதான் உட்காரப்போகிறேன்.